இரவுகளை எண்ணுவது யார்?

வீடு ஒன்று பூட்டிக் கிடக்கிறது, வீடுகளை நாள் கணக்கில் வாடகைக்கு விட உதவும் ஏர்பிஎன்பி தளத்தில் போட்டுவிடலாமா என்று யோசிக்கிற எல்லாருக்கும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான்: வருஷத்துக்கு எத்தனை நாள் விடலாம்? உள்ளாட்சி விதிகளைப் படிப்பதில் எனக்கு ஒரு கிறுக்கு உண்டு. அது தெரிந்த நண்பர்கள், அவர்களுடைய நண்பர்கள் என்று பல ஊர்களில் இருந்தும் பலர் கேட்கிறார்கள். கேள்வி மட்டும் மாறுவதே இல்லை.

நான் திருப்பிக் கேட்பது வேறு. அந்த நாட்களை எண்ணப்போவது யார்? நீங்களா, விளம்பரம் போடுகிற தளமா, இல்லை நகராட்சியா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் அந்த ஊர் விதியில் எவ்வளவு உயிர் இருக்கிறது என்பது பாதி புரிந்துவிடும். முப்பது நாள், தொண்ணூறு நாள், நூற்றெண்பது நாள் என்று காகிதத்தில் எது வேண்டுமானாலும் எழுதலாம். எண்ண ஆள் இல்லாத இடத்தில் முப்பதும் ஒன்றுதான் முந்நூறும் ஒன்றுதான்.

லண்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 1973-இல் வந்த சட்டம் ஒன்றின்படி, அங்கே ஒரு வீட்டைத் தொடர்ந்து 90 இரவுக்குக் குறைவாகத் தங்கக் கொடுத்தாலே வீட்டின் பயன்பாட்டை மாற்றிவிட்டதாகக் கணக்கு, அதற்கு உள்ளாட்சியிடம் திட்ட அனுமதி வாங்க வேண்டும். 2015-இல் இதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்த வீட்டுக்கு கவுன்சில் வரி, அதாவது உள்ளாட்சி வரி, கட்டும் பொறுப்பு உங்களுடையது என்றால், ஒரு காலண்டர் ஆண்டில் மொத்தம் 90 இரவு வரை தனி அனுமதி இல்லாமலே விடலாம். 91-ஆவது இரவுக்குப் போனால்தான் விண்ணப்பம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2017-இலிருந்து ஏர்பிஎன்பி முழு வீட்டு விளம்பரங்களுக்கு 90 ஆனதும் காலண்டரைத் தானே மூடிவிடுகிறது. சரி, அதே வீட்டை இன்னொரு தளத்தில் போட்டால்? அங்கே கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கவுன்சில் அதிகாரிதான் துப்பறிய வேண்டும். விளம்பரத்தில் கதவு எண் இருக்காது, வரைபடத்தில் ஒரு வட்டம் மட்டும் இருக்கும், சோபா படத்தையும் ஜன்னலுக்கு வெளியே தெரிகிற கட்டடத்தையும் வைத்துக்கொண்டு எந்த பிளாட் என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம் அங்கே 91-ஆவது இரவு ஒருவர் காசு கொடுத்துத்தான் தூங்கினார் என்று நிரூபிக்க வேண்டும். இந்த வேலையைச் செய்ய எந்த கவுன்சிலிடம் ஆள் இருக்கிறது? விதி தப்பில்லை. அதன் கையில் கணக்குப் புத்தகம் இல்லை, அவ்வளவுதான். இங்கிலாந்து முழுவதற்கும் ஒரு பதிவு முறை கொண்டுவர 2023 சட்டத்தில் வழி வைத்ததே இந்த ஓட்டையைப் பார்த்துத்தான்.

நியூயார்க் இதற்கு நேர் எதிர். அங்கே பல குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிகளில் 30 நாளுக்குக் குறைவான வாடகை என்பது, வீட்டுக்காரர் கூடவே தங்கியிருந்தால் ஒழிய, பல வருஷமாகவே சட்டவிரோதம். சட்டம் இருந்தது, விளம்பரங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன, இரண்டும் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் அக்கம்பக்கத்தில் வாழ்ந்து வந்தன. 2022 ஜனவரியில் லோக்கல் லா 18 என்று நகரச் சட்டம் ஒன்றை நிறைவேற்றி, 2023 செப்டம்பர் 5 முதல் அமல்படுத்தத் தொடங்கினார்கள். புதிதாகத் தடை ஒன்றும் பெரிதாகப் போடவில்லை. செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு வீடும் பதிவு செய்து எண் வாங்க வேண்டும், அந்த எண்ணை நகரத்தின் அமைப்பில் சரிபார்க்காமல் எந்தத் தளமும் பணப் பரிவர்த்தனை நடத்தக்கூடாது. மீறினால் தளத்துக்கு ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் 1,500 டாலர் வரை, வீட்டுக்காரருக்கு 5,000 டாலர் வரை அபராதம். கொஞ்ச நாளில் குறுகிய கால விளம்பரங்களில் பெரும்பகுதி காணாமல் போயின. மிச்சம் இருந்தவை பல, குறைந்தது 30 நாள் தங்க வேண்டும் என்று சத்தமில்லாமல் மாறிக்கொண்டன. பல வருஷமாகத் தூங்கிய சட்டத்தை ஒரு பதிவு எண் எழுப்பிவிட்டது.

அந்தப் பதிவுக்கான நிபந்தனைகளைப் படித்தால் அதிகாரிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்பது விளங்கும். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் தங்கக்கூடாது. வீட்டுக்காரர் அங்கேயே இருக்க வேண்டும். இதெல்லாம் எதிர்பார்த்ததுதான். ஆனால் எனக்குப் பிடித்தது கதவு விஷயம். தங்க வருபவர் வீட்டின் எல்லா அறைக்கும், வெளியேறும் எல்லா வழிக்கும் தடையில்லாமல் போய்வர முடிய வேண்டும், உள்ளறைக் கதவுகளைச் சாவி போட்டுப் பூட்டிவிட்டுப் போகிற மாதிரி வைக்கக்கூடாது. அதாவது உங்கள் படுக்கையறையைப் பூட்டிக்கொண்டு மற்றதை வாடகைக்கு விட முடியாது! முதலில் படித்தபோது இது என்ன விபரீதம் என்றுதான் தோன்றியது. யோசித்தால் காரணம் இருக்கிறது. பூட்டிய அறைகள் வரிசையாக இருந்தால் அது லாட்ஜ். எல்லாக் கதவும் திறந்திருந்தால் அது ஒரே குடும்பம் போல வாழ்கிற வீடு, தீ பிடித்தால் எந்தப் பக்கமும் ஓடலாம். ஒரு சாதாரணப் பூட்டை வைத்து வீட்டையும் விடுதியையும் பிரித்துவிட்டார்கள். இந்த நிபந்தனையைப் படித்ததுமே பாதிப் பேர் பின்வாங்கியிருப்பார்கள் என்று நினைக்கிறேன், விதியை எழுதியவர்களுக்கும் அது தெரியாமல் இருந்திருக்காது. வாடகைக் கட்டுப்பாட்டில் உள்ள வீடுகளுக்குப் பதிவே கிடையாது, கட்டட உரிமையாளரும் எங்கள் கட்டடத்தில் யாருக்கும் பதிவு கொடுக்காதீர்கள் என்று கட்டடத்தையே நகரத்தின் தடைப் பட்டியலில் சேர்த்துவிடலாம் என்பது தனி.

தளங்கள் இதையெல்லாம் சும்மா விட்டுவிடவில்லை. கலிஃபோர்னியாவில் சான்டா மோனிகா, பதிவு இல்லாத வீட்டுக்கு புக்கிங் எடுத்தால் தளமே பொறுப்பு என்று விதி போட்டபோது வழக்குப் போட்டார்கள். நாங்கள் விளம்பரப் பலகை மாதிரி, யாரோ எழுதுவதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பு என்பது அவர்கள் வாதம். 2019 மார்ச்சில், அமெரிக்காவின் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் ஒன்றான ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விளம்பரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி இந்த விதி பேசவே இல்லை, பணம் வாங்கி புக்கிங்கை முடித்துக்கொடுக்கிற வேலையைத்தான் பேசுகிறது என்று சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு நகராட்சிகளுக்கு எங்கே பிடிக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிந்துவிட்டது: பணம் கைமாறுகிற இடத்தில். சான் ஃபிரான்சிஸ்கோவில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2015-இலேயே பதிவு கட்டாயம், பெரும்பாலானோர் கண்டுகொள்ளவில்லை. தளங்களோடு சமரசம் ஆகி, பதிவு இல்லாதவற்றை 2018 ஜனவரியில் நீக்கியபோதுதான் விளம்பரங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன.

சான் ஃபிரான்சிஸ்கோ விதியில் இன்னொன்றும் இருக்கிறது. வீட்டுக்காரர் இல்லாமல் வருஷத்துக்கு 90 இரவு வரை விடலாம். அவர் அந்த வீட்டில் குறைந்தது 275 இரவு வாழ வேண்டும். கூட்டிப் பாருங்கள், 365. ஒரே விதியைத்தான் இரண்டு பக்கமிருந்து சொல்லியிருக்கிறார்கள். உங்கள் வீட்டை விட்டு நீங்கள் ஊருக்குப் போகிற நாட்களில் வேண்டுமானால் விட்டுக்கொள்ளுங்கள், மற்றபடி அது உங்கள் குடியிருப்பு என்கிறது. நீங்களும் வீட்டிலேயே இருந்துகொண்டு ஓர் அறையை மட்டும் விட்டால் இரவுக் கணக்கே கிடையாது.

இங்கேதான் பெரும்பாலானோர் சறுக்குவதைப் பார்க்கிறேன். நாள் கணக்கைத் தேடிப் படிக்கிறவர்கள், அதற்கு மேலே இருக்கும் முதன்மைக் குடியிருப்பு, அதாவது நீங்கள் நிஜமாகவே வாழ்கிற வீடு, என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். என்னிடம் ஒரு வீடு கூடுதலாக இருக்கிறது என்று தொடங்குகிறவருக்குப் பல நகரங்களில் கதவு அங்கேயே மூடிவிட்டது, 90 நாளா 120 நாளா என்ற பேச்சுக்கே இடமில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2024 மே 1 முதல், 10,000 பேருக்கு மேல் வாழும் பெரும்பாலான ஊர்களில், நீங்கள் குடியிருக்கும் வீடும் அதோடு சேர்ந்த ஒரு துணைக் குடியிருப்பும் மட்டும்தான். நாங்கள் முன்பிருந்தே விடுகிறோமே, பழைய விதியில் அனுமதித்தார்களே என்ற வாதத்துக்கு இருந்த பாதுகாப்பையும் அந்தச் சட்டம் எடுத்துவிட்டது. அடுத்த வருஷம் நாங்கள் ஓய்வு பெற்று அங்கேதான் போகப்போகிறோம் என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. இன்று எங்கே தூங்குகிறீர்கள் என்பதுதான் கேள்வி, அதற்கு ஓட்டுநர் உரிமம், வரி ரசீது, மின் கட்டண பில் என்று எல்லாவற்றிலும் ஒரே முகவரி இருக்க வேண்டும்.

இதற்கும் எல்லை உண்டு. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம், குடியிருப்புப் பகுதிகளில் அங்கே வசிப்பவருக்குத்தான் உரிமம் என்று வைத்திருந்ததை 2022-இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது. வெளிமாநிலத்தாரைப் பாகுபடுத்துகிறது என்பது காரணம். நகரம் விட்டதா? மறு வருஷமே வேறு விதி எழுதி, குடியிருப்புப் பகுதியில் நாலு பக்கமும் தெரு சூழ்ந்த ஒரு வீட்டுத் தொகுதிக்கு ஓர் உரிமம், பலர் கேட்டால் குலுக்கல் என்று வந்தது. வாழ்வாதாரத்தை ஒருவர் குலுக்கலில் வைத்துக் காத்திருப்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் வயிற்றைக் கலக்குகிறது. டெக்சாஸில் ஆஸ்டின் தடையை 2019-இலும், டாலஸ் தடையை 2023 டிசம்பரிலும் நீதிமன்றங்கள் நிறுத்தின. ஆகவே ஒரு விதி இருக்கிறது என்பதும் அது நிற்கிறது என்பதும் ஒன்றல்ல. நகரத்தின் பக்கத்தில் விதியைப் படித்த கையோடு அதன் பேரில் வழக்கு ஏதாவது ஓடுகிறதா என்றும் ஒரு தடவை தேடிவிடுங்கள்.

எண்ணுவது என்று சொன்னேனே, எதை எண்ணுகிறார்கள் என்பதும் ஊருக்கு ஊர் வேறு. ஜப்பானில் 2018 ஜூன் 15-இல் அமலுக்கு வந்த சட்டப்படி வருஷத்துக்கு 180 நாள். நாள் என்றால் நண்பகல் 12 முதல் மறுநாள் நண்பகல் 12 வரை, வருஷம் என்றால் ஏப்ரல் 1 நண்பகலில் தொடங்கி அடுத்த ஏப்ரல் 1 நண்பகல் வரை. ஜனவரியில் தொடங்குகிற காலண்டரை வைத்துக் கணக்குப் போட்டவர் மார்ச்சில் முழிப்பார். அதோடு 180 என்பது தேசிய உச்சவரம்புதான், உள்ளூர் நிர்வாகம் அதற்குள் இன்னும் இறுக்கலாம். கியோட்டோ, குடியிருப்புக்கு மட்டும் என்று ஒதுக்கிய பகுதிகளில் பொதுவாக ஜனவரி நடுவிலிருந்து மார்ச் நடுவரைதான் விடுகிறது. செர்ரி பூப்பதற்கு முன்பே கடை மூடியாகிவிடும், குளிரில் யார் வருகிறார்களோ அவர்களை வைத்துச் சம்பாதித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் அதே மாதிரிப் பகுதிகளில் திங்கள் நண்பகல் முதல் வெள்ளி நண்பகல் வரை விடக்கூடாது. பிள்ளைகள் பள்ளிக்குப் போகிற நாட்களில் தெருவில் புதுமுகங்கள் வேண்டாம் என்று குடியிருப்பவர்கள் கேட்டால் விதி இப்படித்தான் வரும். ஆக 180 என்று நம்பி வீடு வாங்கியவருக்கு ஓர் ஊரில் சுமார் 60 நாள், இன்னோர் ஊரில் வாரக் கடைசி மட்டும்.

கலிஃபோர்னியாவின் பாம் ஸ்பிரிங்ஸ் நகரம் இரவையே எண்ணுவதில்லை. ஒப்பந்தங்களை எண்ணுகிறது, புதிய உரிமத்துக்கு வருஷத்துக்கு 26 வாடகை ஒப்பந்தம். இரண்டு இரவு வந்தவரும் ஒன்று, மூன்று வாரம் தங்கியவரும் ஒன்று. இது எனக்கு நல்ல யோசனையாகப் படுகிறது, ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரின் தலைவலி பெட்டி உருளும் சத்தமும் புதுப்புது கார்களும்தான், அது ஆள் மாறும்போதுதான் வருகிறது. ஆம்ஸ்டர்டாம் பொதுவாக 30 இரவு என்று வைத்திருக்கிறது, ஒவ்வொரு தடவை ஆள் வருவதற்கு முன்னாலும் நகரத்துக்குத் தெரிவிக்க வேண்டும், ஒரு நேரத்தில் நாலு பேருக்கு மேல் கூடாது. சிங்கப்பூர் இந்த வம்பே வேண்டாம் என்று தனியார் குடியிருப்புக்குக் குறைந்தது மூன்று மாதம், அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு ஆறு மாதம் என்று வைத்துவிட்டது. அங்கே வாரக் கடைசி வாடகை என்ற பேச்சே இல்லை.

இனி விண்ணப்பம். நண்பர் ஒருவருடைய விண்ணப்பத்துக்குக் கூட உட்கார்ந்து உதவியிருக்கிறேன், எந்த ஊர் என்பது முக்கியமில்லை. பெயர், முகவரி, சொத்துப் பத்திரம் எல்லாம் அரைமணியில் முடிந்தது. ஒரு வாரத்தைத் தின்றது தரைத்தள வரைபடம். கையால் வரைந்தாலும் போதும் என்று குறிப்பில் இருந்ததால் அவர் அழகாக வரைந்து, சமையலறையில் அடுப்பு, ஹாலில் டிவி வரை போட்டிருந்தார். அதிகாரி திருப்பி அனுப்பினார். அவருக்கு வேண்டியது புகை எச்சரிக்கைக் கருவி எந்தக் கூரையில் இருக்கிறது, கார்பன் மோனாக்சைடு கருவி எங்கே, ஒவ்வொரு படுக்கையறையிலும் ஆள் வெளியேறுகிற அளவுக்கு ஜன்னல் திறக்கிறதா, தீயணைப்பான் எந்தச் சுவரில். அறை என்று அவர் குறித்திருந்த ஒன்றில் ஜன்னல் திறக்கவில்லை. அப்படியானால் அது படுக்கையறை இல்லை, அங்கே யாரையும் படுக்க வைக்கக்கூடாது, ஆக அனுமதிக்கப்பட்ட ஆள் எண்ணிக்கை இரண்டு குறைந்தது. அமெரிக்க ஊர்கள் பலவற்றில் படுக்கையறைக்கு இரண்டு பேர், மொத்தத்தில் இன்னும் இரண்டு என்று ஒரு கணக்கு உண்டு. கழிவுநீர் இணைப்பு இல்லாத கிராமப்புற வீடுகளில் கழிவுநீர்த் தொட்டியின் கொள்ளளவை வைத்தே ஆள் எண்ணிக்கையைத் தீர்மானிப்பார்கள். வீடு எவ்வளவு பெரிது என்று விளம்பரத்தில் எழுதினாலும் தொட்டி சொல்வதுதான் கடைசிச் சொல்.

ஸ்காட்லாந்தில் இதைவிட விரிவு. 2022 அக்டோபர் முதல் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உரிமம் கட்டாயம், ஏற்கனவே நடத்தியவர்கள் 2023 அக்டோபர் 1-க்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தது. கேஸ் பாதுகாப்புச் சான்று, ஒன்று அலறினால் எல்லாம் அலறுகிற மாதிரி இணைத்த தீ எச்சரிக்கைக் கருவிகள், தண்ணீர்க் குழாய்களில் லெஜியோனெல்லா கிருமி வளருமா என்ற மதிப்பீடு என்று போகும். எல்லாவற்றையும்விடப் பலரை நெளிய வைப்பது அறிவிப்புத் தாள். விண்ணப்பித்ததும் வீட்டின் மேலோ அருகிலோ, வெளியில் போகிறவர் படிக்கிற மாதிரி, 21 நாள் ஒட்டி வைக்க வேண்டும். ஆட்சேபம் இருந்தால் எங்கே எழுத வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். அதுவரை ரகசியமாக ஓட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அக்கம்பக்கத்து முகங்களை நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயம். நான் பார்த்த வரையில், அந்தத் தாளை ஒட்டுவதற்கு முன்னால் போய் நாலு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசியவர்களுக்கு ஆட்சேபம் குறைவாகவே வருகிறது. எடின்பரோ நகரம் இன்னும் ஒரு படி மேலே போய், பொதுப் படிக்கட்டு உள்ள குடியிருப்புகளில் முழு வீட்டு வாடகைக்கு உரிமம் மறுப்பதே இயல்பான நிலை என்று கொள்கை வைத்தது. 2023 ஜூனில் நீதிமன்றம் அது சட்டப்படி செல்லாது என்றது.

உரிமத்தைச் சொத்து என்று நினைப்பது அடுத்த பெரிய ஏமாற்றம். வீட்டை விற்பவர், உரிமத்தோடு வருகிறது என்று சொல்லி விலையை ஏற்றுவார். பல ஊர்களில் உரிமம் ஆளுக்குக் கொடுப்பது, பத்திரம் கைமாறிய அன்றே அது செத்துவிடும், வாங்கியவர் புதிதாக வரிசையில் நிற்க வேண்டும், அதற்குள் அந்தப் பகுதியின் உச்சவரம்பு நிரம்பியிருக்கலாம். பார்சிலோனாவில் நடந்தது இன்னும் பெரிது. அங்கே சுற்றுலா பிளாட்டுகளுக்கு இருக்கும் 10,101 உரிமங்களையும் புதுப்பிக்கப்போவதில்லை, 2028 நவம்பருக்குள் எல்லாம் முடிந்துவிடும் என்று மேயர் ஜௌமே கொல்போனி 2024 ஜூனில் அறிவித்தார். அதற்கு அடித்தளம், உரிமத்துக்கு ஐந்து வருஷம்தான் ஆயுள் என்று பார்சிலோனா அடங்கிய கட்டலோனியா மாகாணம் 2023-இல் கொண்டுவந்த ஆணைச் சட்டம். ஸ்பெயின் அரசியல் சாசன நீதிமன்றமும் 2025 மார்ச்சில் அதை ஏற்றுக்கொண்டது. அந்த உரிமத்தை நம்பிக் கடன் வாங்கியவர்கள் இருப்பார்கள். அவர்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு, ஆனால் அதே கட்டடத்தில் வாடகை ஏறி வெளியே போன குடும்பத்தின் மேலும் உண்டு, இரண்டில் எது கனம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

பாரிஸ் வேறு வழியில் இறுக்குகிறது. குடியிருக்கும் வீட்டை வருஷத்துக்கு 120 நாள் வரை விடலாம் என்றிருந்ததை, 2024 நவம்பரில் வந்த சட்டம் கொடுத்த அதிகாரத்தை வைத்து 2025 ஜனவரி முதல் 90 ஆக்கிவிட்டார்கள். இரண்டாவது வீட்டை நிரந்தரமாகச் சுற்றுலா வாடகைக்கு மாற்ற வேண்டுமா? முடியும். அதற்கு ஈடாக அதே பரப்பளவுள்ள, சில பகுதிகளில் அதைவிட மடங்கு கணக்கில் அதிகமான, வணிக இடம் ஒன்றைக் குடியிருப்பாக மாற்றிக் காட்ட வேண்டும். ஒரு வீடு குறைந்தால் ஒரு வீடு கூட வேண்டும் என்பது கணக்கு. இது ஐரோப்பியச் சட்டத்துக்கு எதிரானது என்று போன வழக்கில் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2020 செப்டம்பர் 22-இல் நகரத்தின் பக்கம் நின்றது. வீட்டுப் பற்றாக்குறையைச் சமாளிப்பது பொது நலன்தான், அதற்காக முன் அனுமதி கேட்கலாம் என்றது.

நகராட்சி சரி என்று சொன்னால் மட்டும் போதாது. நீங்களே வாடகைக்கு இருப்பவர் என்றால் உங்கள் ஒப்பந்தத்தில் உள்வாடகை கூடாது என்று ஒரு வரி இருக்கும். அடுக்குமாடி என்றால் குடியிருப்போர் சங்கத்தின் துணைவிதி நகரத்தைவிடக் கடுமையாக இருக்கலாம், இருந்தால் அதுதான் செல்லும். வீட்டுக் கடன் பத்திரத்தையும் ஒரு பார்வை பாருங்கள். காப்பீடு பற்றி ஒன்றுதான்: சாதாரண வீட்டுக் காப்பீடு, காசு வாங்கித் தங்கவைத்தவர் படியில் விழுந்ததற்குப் பணம் தரும் என்று நம்பி இருக்காதீர்கள். தங்கும் வரி சில இடங்களில் தளமே பிடித்துக் கட்டிவிடும், சில இடங்களில் பாதியை மட்டும் பிடிக்கும், மீதி உங்கள் தலையில்.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. பிள்ளைகள் வெளியூர் போனபிறகு காலியான அறையை விடுகிற வயதானவரும், முப்பது பிளாட்டை நிறுவனம் போல நடத்துகிறவரும் பல ஊர்களில் ஒரே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள், ஒரே கட்டணம், ஒரே ஆய்வு. முப்பது பிளாட்காரருக்கு வக்கீல் இருக்கிறார், படிவம் நிரப்பவே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். தடுமாறுவது அந்த ஓர் அறைக்காரர்தான், அவரால் யாருடைய வீடும் குறையவில்லை. வீட்டுக்காரர் கூடவே இருக்கும் வாடகையையும் இல்லாத வாடகையையும் பிரிக்கும் விதிகள்தான் எனக்கு நியாயமாகப் படுகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோ ஓரளவு பிரிக்கிறது. ஸ்காட்லாந்து வகைகளைத் தனித்தனியாகப் பெயர் வைத்துப் பிரித்திருக்கிறது, ஆனால் உரிமம் எல்லாருக்கும் வேண்டும் என்கிறது.

எண்ணும் வேலை எந்தத் திசையில் போகிறது என்பதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1028 ஒழுங்குமுறையைப் பார்க்கலாம், 2026 மே 20 முதல் பொருந்தும். எத்தனை இரவு விடலாம், விடவே கூடாதா என்று அது ஒரு வார்த்தை பேசவில்லை, அதெல்லாம் அந்தந்த நகரத்தின் பாடு. பதிவு முறை வைத்திருக்கும் இடங்களில் பதிவு எண் இணையத்தில் எளிதாகக் கிடைக்க வேண்டும், தளங்கள் அதை விளம்பரத்தில் காட்ட வேண்டும், அவ்வப்போது தாங்களாகவே சில எண்களை எடுத்துச் சரிபார்க்க வேண்டும், எந்த எண்ணில் எத்தனை இரவு, எத்தனை பேர் என்ற தகவலை நாட்டுக்கு ஒன்றாக அமைக்கும் மின்னணு நுழைவாயில் வழியாக அனுப்ப வேண்டும். ஒரு தளத்தில் 80, இன்னொன்றில் 80 என்று ஓட்டுகிற வித்தை அந்த வாயிலில் கூட்டிப் பார்க்கும்போது வெளியே வந்துவிடும்.

அதனால் இப்போது கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது சுருக்கம். நகராட்சிக்குப் போன் பண்ணாதீர்கள், மின்னஞ்சல் எழுதுங்கள், பதில் எழுத்தில் இருக்கட்டும். முகவரியைக் கொடுத்து இந்த வீடு எந்த மண்டலத்தில் வருகிறது, முதன்மைக் குடியிருப்பு நிபந்தனை உண்டா, உரிமம் ஆளுக்கா இடத்துக்கா, அந்தப் பகுதியில் உச்சவரம்பு நிரம்பிவிட்டதா என்று கேளுங்கள். தளம் காட்டுகிற கணக்கை மட்டும் நம்பாமல் சொந்தமாக ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்: வந்த தேதி, போன தேதி, எத்தனை பேர், எந்தத் தளம். எண் கையில் வந்ததும் விளம்பரத்தில் ஓர் எழுத்து பிசகாமல் அப்படியே போடுங்கள், பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ போட்டு விளம்பரம் முடங்கிப்போன ஆட்கள் இருக்கிறார்கள். புதுப்பிக்கும் தேதியை மூன்று மாதம் முன்கூட்டியே காலண்டரில் குறித்து வையுங்கள், ஏனென்றால் ஆய்வுக்கு நாள் கிடைப்பதற்கே அவ்வளவு காலம் ஆகிவிடுகிறது.